எர்ணாவூர் சோத்து டாக்டர்

"மாத்திர கேக்க மட்டும் வாய் காது வரிக்கும் நீளுது. இன்னா துன்னேன்னு கேட்டா எல்லாருக்கும் நாக்கு உள்ள பூந்துக்குது!"

எர்ணாவூர் சுகாதார நிலையத்தில் டாக்டர் ரமாபாய் இதைப் புலம்பாத நாளில்லை. நர்ஸ் ஜெஸ்லின் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதே கீச்சுக்குரலில் சொல்லிக் காட்டினால் வரிசையில் நிற்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ரமாபாய் வியாசர்பாடிக்காரர். கூடப் படித்தவர்கள் இதயம், மூளை என்று போனபோது இவர் சத்துணவும் பொது சுகாதாரமும் படிக்கப் போனார். "டாக்டருக்கு படிச்சிட்டு கீர விக்கப் போறியாடி?" என்று பெற்ற அம்மாவே கேட்டார். எர்ணாவூர் 'சோத்து டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் உதயா என்ற கர்ப்பிணி, "நல்லாத்தான் துன்றேன் டாக்டரம்மா" என்றாள். நம்பிவிட்டார். பிரசவத்தில் ரத்தம் போனபோது அதைத் தாங்க அவள் உடம்பில் தெம்பில்லை; போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து 'நல்லாத்தான் துன்றேன்' என்று யார் சொன்னாலும் அவர் நம்புவதில்லை. நேரே வீட்டுக்குப் போய்க் குண்டானைத் திறந்து பார்ப்பார். திட்டும் வாங்குவார்.

இப்போது கார்குழலிக்கு ஒன்பதாம் மாதம். மாத்திரை தின்றும், பதினொன்று இருக்க வேண்டிய ரத்த அளவு ஆறுக்குக் கீழே இறங்கியிருந்தது. கேட்டால், "நல்லாத்தான் துன்றேன்."

டாக்டர் மூச்சிரைக்க மூன்றாவது மாடியிலிருந்த அவள் வீட்டுக்கு ஏறினார். குண்டானில் மீன் குழம்பு, பக்கத்தில் முருங்கைக்கீரை. ஒரு குறையுமில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"இன்னா டாக்டரம்மா, உப்பு சரியா கீதா?" என்று நக்கலடித்தார் மாமியார் தாயம்மா.

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் அந்தக் குடியிருப்பில் எல்லா ஜன்னலிலும் அப்பிக் கிடக்கும். இங்கே மட்டும் கை எட்டும் உயரம்வரை கம்பிகள் பளிச்சென்று இருந்தன. திரும்பினார். கார்குழலி சாம்பல் ஒட்டிய விரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள்.

"எத்தினி நாளா துன்ற?"

"வாசன வந்தா அடக்க முடில டாக்டரம்மா..."

தாயம்மா சிரித்தார். "புள்ளத்தாச்சி சாம்ப துன்றது புச்சா? நான் அடுப்பு சாம்பலே துன்னேன். எம்புள்ள குதுர மாரி கீறான்."

"அது வெறகு சாம்பலு, அக்கா. இதுல இன்னா இன்னா கீதுன்னு எனுக்கே தெரியாது. ரத்தம் கொறயக் கொறய நாக்கு இதெல்லாம் கேக்கும். இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு போயி ரத்தம் ஏத்தணும். வலி வந்தப்புறம் போனா தாங்க மாட்டா."

"வெள்ளிக்கெழம அதுவுமா புள்ளத்தாச்சிய வூட்ட வுட்டு அனுப்புவனா? நாளிக்கிப் பாக்கலாம்." தாயம்மா வாசலை மறித்து நின்றார். "எப்போ இன்னா ஆவும்னு சொல்றதுக்கு நீ இன்னா ஆண்டவனா?"

கார்குழலியின் உதடு காகிதமாய் வெளுத்திருந்தது. டாக்டர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆண்டவனா இருந்தா நான் இன்னாத்துக்குக்கா பயப்படறேன்? நாளிக்கி ஒண்ணு ஆச்சின்னா நீ மார்ல அட்ச்சிகினு அழுதுடுவ, சாவு சீட்டுல கையெழுத்து போடறவ நானு. வெள்ளிக்கெழமயாவது வெங்காயமாவது! ஆட்டோ கீய நிக்குது, வழிய வுடு!"