எழுந்து வந்து கோடியைத் திருப்பித் தந்தவர்

அண்ணன் பிறந்தது ஒக்கூரில். பிழைத்தது காரைக்குடியில், கல்யாண வீடியோ எடுத்து. ஊரார் வீட்டு மாப்பிள்ளைகளையே படம் பிடித்து அலுத்துப்போய் 'ஒத்தக்கதவு பிலிம்ஸ்' தொடங்கினார். ஆபீசுக்குப் பிடித்த மாடி அறையில் ஒரு கதவுதான் மிச்சம் இருந்தது. பெயர் யோசிக்கிற வேலை அதோடு முடிந்தது. கம்பெனி ஓடியது பதினான்கு மாதம். எடுத்தது ஒரே படம். எந்தத் தியேட்டரும் அதை வாங்கவில்லை.

படத்தில் ஒரு சாவு வீடு வரும். ஒக்கூரில் எங்கள் வாசலிலேயே எடுத்தோம். பிணமாக நடிக்க வந்தவர் பாடையைப் பார்த்ததும் பஸ் ஏறிவிட்டார். காமிராவோடு நின்ற நான்தான் வாயை விட்டேன்.

"நீங்களே படுங்கண்ணே. வீட்டுல அந்த வேலையத்தான பாக்குறீக?"

அண்ணன் சிரித்துக்கொண்டே படுத்துவிட்டார்.

அழுவதற்குக் கூப்பிட்டிருந்த சொந்தக்காரப் பெண்கள், இறந்தவருக்குப் போர்த்தும் கோடித்துணியோடு வந்து நின்றார்கள்.

"அத்தே, இது நடிப்பு" என்றேன்.

"இருக்கட்டும்டா. பாடைக்கு வெறுங்கையோடயா வருவாக?"

கோடியைப் போர்த்தி நிஜமாகவே அழுதார்கள். அந்நேரம் வயலிலிருந்து வந்த எங்கள் ஆத்தா போட்ட சத்தத்தில் ஷாட் கெட்டது. அன்று சாயங்காலமே அண்ணன் வீடு வீடாகப் போய்க் கோடிகளைத் திருப்பிக் கொடுத்தார். "செத்தவன் வந்துருக்கேன், ஒரு காப்பி குடுங்க" என்றாராம்.

பிறகு அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்து நாங்கள் எல்லோருமே ஓய்ந்துபோனோம். சென்ற ஆண்டு அதே வாசலில், அதே அத்தைமார் கோடி போட்டார்கள். ஆத்தா என்னிடம், "நீதானடா படுக்கச் சொன்ன" என்றார். அதன்பின் என்னோடு பேசவில்லை. எனக்கும் யாரையும் கேலி பேச வாய் வரவில்லை.

போன வாரம் அண்ணனின் இந்த நினைவு மலருக்குப் படம் தேடி, கம்பெனியின் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். ஆத்தா பின்னால் வந்து நின்றார்.

"அவன் எந்திரிப்பான்ல, அதப் போடு."

போட்டேன். ஆத்தாவின் குரல், "எந்திரிடா!" என்கிறது. அண்ணன் கோடிகளை விலக்கி விருட்டென்று எழுகிறார். மூக்கைச் சொறிகிறார். "ஈ மொய்க்குதே, ஒருத்தனாச்சும் வெரட்டுனீகளாடா?" என்று எங்களைத் திட்டுகிறார்.

ஆத்தா திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில், "சொன்னதும் எந்திரிச்சுட்டான்ல" என்றார். பிறகு, "நீ சாப்டியாடா?" என்றார்.

அட்டையில் இருப்பது அந்தப் படம்தான். தலை கலைந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றித் துணையிருந்த நண்பர்களுக்கும், இரண்டு தடவை கோடி கொண்டுவந்த அத்தைமாருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. இரண்டாவது கோடியைத் திருப்பித் தர அண்ணன் வரவில்லை. கோவிச்சுக்காதீக.

தம்பி