மூலக்கூறு சுழலும், மாற்றல் வராது

கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறு என்ன வேகத்தில் சுழல்கிறது என்று அளப்பது என் தொழில். இதைச் சொல்லியும் எனக்குப் பெண் கொடுத்தார்கள். நான் திருப்பதியில் வேதியியல் பேராசிரியர். மனைவி சரோஜா திருத்தணியில் பள்ளிக்கூட ஆசிரியை. அவள் சம்பளத்தில்தான் அவளுடைய தம்பிகள் படித்தார்கள். அப்போது இரண்டு ஊரும் ஆந்திராவில், ஒரே சித்தூர் ஜில்லாவில் இருந்தன. அவளுக்குத் திருப்பதிக்கு மாற்றல் கேட்டுவிட்டுக் காத்திருந்தோம். பெண்டாட்டி ஓர் ஊரில், வேலை ஓர் ஊரில் என்று அல்லாடுகிறவர்களே, நீங்களும் நம்ம கட்சிதான்.

காலிப் பெட்டி

நீளமான பித்தளைக் குழாயில் கொஞ்சம் வாயுவை அடைத்து, உலர்பனியால் குளிரவைத்து, நுண்ணலையைச் செலுத்த வேண்டும். சரியான அலை கிடைத்தால் திரையில் சின்னதாக ஒரு மேடு எழும். அதைப் பார்க்கத்தான் இந்தப் பாடு.

உலர்பனி மெட்ராஸிலிருந்து ரயிலில் ரேணிகுண்டாவுக்கு வரும். அது தண்ணீராக உருகாது. நேராகக் காற்றில் கலந்துவிடும். ஒருநாள் ரயில் தாமதம். பெட்டியைத் திறந்தால் மரத்தூள் மட்டும் சில்லென்று இருந்தது. போர்ட்டர் பதறிப்போனார். "சாமி சத்தியமா நான் தொடல சார்! ஈரம்கூட இல்ல, துன்னுட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க!"

பட்டாசு

எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனது. ஊரே வெடி வெடித்தது. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ராஜ்யமே வேறானபின் மாற்றல் எங்கிருந்து வரும்? சரோஜா என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மாமனார் ஜிலேபியை நீட்டினார். "இன்னா மாப்ள, ஊரே கொண்டாடிக்கினு கீது, நீங்க மட்டும் மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?"

சித்தூரில்

மனசு கேட்கவில்லை, சித்தூர் ஜில்லா கல்வி ஆபீசுக்கே போனேன். குமாஸ்தா நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுத்துவிட்டுத் தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார்: "ஆ ஊரு இப்புடு மாதி காது சார். எங்க ஊரே இல்லன்னு ஆனப்புறம் எங்கேருந்து மாத்தறது?"

மேடு

ஒரு சனிக்கிழமை மத்தியானம் திரையில் அந்த மேடு எழுந்தேவிட்டது. உடனே தந்தி அடித்தேன். மறுநாள் சரோஜா பஸ் பிடித்து வந்தாள். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளையே. தினமும் சாயங்காலம் இவள் இப்படி வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். அதை மறைக்க, மூலக்கூறு விநாடிக்கு எத்தனை கோடி தடவை சுற்றுகிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

திங்கட்கிழமை அவளுக்குப் பள்ளிக்கூடம். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அது எத்தினி சுத்து சுத்துதுன்னு புட்டுப் புட்டு வெக்கிறீங்களே, நான் எப்போ இங்க வந்து இருக்கப்போறேன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

அந்த மேட்டைப் பற்றி நான் எழுதியதை வெளிநாட்டில்கூடப் படித்தார்கள். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல், ரிடையர் ஆகும்வரை சனிக்கிழமை தவறாமல் திருத்தணி பஸ்ஸில் போய்த் தலையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.