களியும் சோறும் கிரேன் சுடலையும்

கேண்டீன் நடத்துகிறவனுக்குப் பாராட்டு கிடையாது; உப்பு சரியாக இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. கரண்டி பிடித்தவர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா? மஸ்கட்டில் பல வருஷம் சமையற்கூடம் பார்த்துவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஓசூர் திரும்பி, ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கேண்டீனை ஏற்றேன். பள்ளியில் தமிழும் கன்னடமும் படித்திருந்தது, இரண்டிலும் திட்டு வாங்க உதவியது.

இரண்டு டிரம்

அந்த வருஷ மெடிக்கல் செக்கப்பில் பலருக்குச் சர்க்கரை. கிரேன் ஓட்டும் திருநெல்வேலிக்காரர் சுடலைமுத்துவுக்கு மட்டும் கம்பெனி டாக்டர் மூன்று மாதக் கெடு வைத்தார். அதற்குள் கட்டுக்குள் வராவிட்டால் கிரேன் கிடையாது. பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டவேண்டியதுதான். மேலே தலை சுற்றினால் கீழே நிற்பவர்கள் கதி என்ன?

சர்க்கரை போடாத டீக்குத் தனி டிரம் வைத்தேன். ஒரு வாரம் அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அங்கே நின்றால் வியாதி ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்துவிடுமே! ஆகவே எல்லா டீயையும் சர்க்கரையில்லாமல் போட்டு, சர்க்கரையைக் கிண்ணத்தில் வைத்தேன். சுடலை கூட்டத்தோடு கூட்டமாக நிம்மதியாகக் குடித்தார். யூனியன் செயலாளர்தான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன சார், லாக்-அவுட் பண்ணப் போறாங்களா? மொதல்ல சக்கரைய நிறுத்திட்டீங்க?"

மருந்து வேறு

ஒரு மாதம் போயிற்று. மாத்திரை தவறவில்லை, டீயிலும் இனிப்பில்லை. ஆனால் சுடலையின் தொந்தி இருந்த இடத்திலேயே இருந்தது, சர்க்கரையோ ஏறியிருந்தது. மத்தியானம் அவர் தட்டருகே போய் நின்றேன். முதலில் இரண்டு உருண்டை ராகிக் களி. அதன்பின் வழக்கமான சோற்று மலை. சர்க்கரைக்குக் களி நல்லது என்று இந்த ஊர்க்காரர் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனுஷன் சோற்றைக் குறைக்காமல் களியைக் கூட்டிக்கொண்டார்.

"களியும் மாவுதான்யா. உள்ளே போனால் அதுவும் சர்க்கரைதான். ஏதாவது ஒன்று சாப்பிடு, அதுவும் அளவாக" என்றேன். கையை உதறிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"களி மருந்துல்லா அண்ணாச்சி? மருந்து சாப்பிட்டா, சாப்பாடு சாப்பிடக் கூடாதா?"

கோலிக்குண்டு

களி கிண்டும் ரங்கப்பாவுக்கு, முத்தே என்று அவர் கன்னடத்தில் சொல்லும் உருண்டையின் பருமனில்தான் கௌரவமே. அதைப் பாதியாக்கி, மீதி இடத்தில் அவரைக்காயும் முளைகட்டிய கொள்ளும் வைக்கச் சொன்னேன். "இது முத்தேயா சார், கோலிக்குண்டா?" என்று கேட்டுவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

சுடலையின் கெடுவைச் சொன்னதும் ஆள் மாறிவிட்டார். அன்றிலிருந்து சுடலை களி தின்றபின் சோற்றுக்குத் தட்டை நீட்டினால் கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்.

"கிரேன் மேல ஏறணுமா, சோத்து மேல ஏறணுமா? ஒண்ணு சொல்லுப்பா!"

மணிச் சத்தம்

மூன்றாம் மாத முடிவில் சுடலையின் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை இரண்டு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். மாத்திரையும் இந்தச் சாப்பாடும் தொடரட்டும், கிரேனும் தொடரட்டும் என்று கையெழுத்துப் போட்டார். நான் கேண்டீன் வாசலில் நின்றிருந்தேன். சுடலை என்னைத் தாண்டி நேரே போய் ஏணியில் ஏறினார். கிரேன் மணி அடித்தது. சுமையே இல்லாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒருமுறை ஓட்டினார். ரங்கப்பா கரண்டியோடு வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார்.

மத்தியானம் சுடலை வந்தார். சின்ன உருண்டை ஒன்று, தட்டு நிறையக் காய். ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் சட்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"அண்ணாச்சி, கொள்ளுல உப்பு கம்மி."

ஆயிரம் பேருக்குச் சோறு போட்டேன் என்று மார்தட்டுகிற கேண்டீன்காரர்கள் நிறைய உண்டு. ஒரே ஒருவருக்குச் சோற்றைக் குறைத்ததற்காக மார்தட்டிக்கொண்டு திரிபவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.