தோலுக்கு உள்ளே போவதும் மேலே நிற்பதும்

பிரசவ விடுப்பு முடிந்து தென்காசியில் மறுபடி போக்குவரத்துப் பணிக்கு வந்தபோது, மகள் இன்னும் பால்குடி மறக்கவில்லை. எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது. சற்று நேரம் சிக்னலில் நின்றாலே கன்னமும் கையும் தடித்து அரிக்கும். போலீஸில் சேர்ந்த நாளிலிருந்தே சன்ஸ்கிரீன் பூசாமல் வெளியே இறங்கியதில்லை.

ஒருநாள் காலையில் பூசிக்கொண்டிருந்தபோது கணவர் போனை நீட்டினார்.

“ஏட்டி, இங்கன பாரு. இது தோலுக்குள்ள போயி ரத்தத்துல கலக்குதாம். தாய்ப்பால்லயும் வருதாம்.”

அவரும் பயந்துதான் சொன்னார். முகத்தைக் கழுவிவிட்டு வெறுமனே போனேன். அந்த வாரம் முடிவதற்குள் முகம் வீங்கிவிட்டது. தொப்பி உரசுகிற நெற்றியில் எரிச்சல் தாங்கவில்லை. வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கணவர்தான் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனார். அந்த டாக்டர் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி.

கணவர் போனில் படித்ததைச் சொன்னதும், “இவங்க படிச்சது பொய்யில்ல,” என்றார் டாக்டர். “நீங்க பூசுறதுல இருக்க சில கெமிக்கல் கொஞ்சம் ரத்தத்துக்குப் போகும். பால்லயும் பாத்திருக்காங்க. அதனால கெடுதல்னு இதுவரைக்கும் நிரூபிக்கல. ஒண்ணுமே இல்லன்னும் முடிவாச் சொல்லல.”

“அப்ப நான் என்ன செய்ய டாக்டர்? வெயில்ல நிக்காம முடியாதே.”

“ஜிங்க் ஆக்ஸைடு உள்ளத போடுங்க. அது தோலுக்கு மேலயே நிக்கும், உள்ள போறது இல்லன்னே சொல்லலாம். வெள்ளையாத் தெரியும், அவ்வளவுதான். நானும் இப்ப அதத்தான் போடுதேன்.” காதோரம் ஒட்டியிருந்த வெள்ளையைத் தொட்டுக் காட்டினார். “பிள்ள வாய் வைக்கிற எடத்துல மட்டும் பூசாதீங்க.”

கணவர் பெருமூச்சு விட்டார். நான் சிரித்துவிட்டேன்.

மறுநாள் சிக்னலில் ஓர் ஆட்டோக்காரர் தலையை நீட்டி, “என்ன மேடம், சுண்ணாம்பு அடிச்சிருக்கீய?” என்றார். “பச்ச விழுந்துட்டு, போங்க அண்ணாச்சி,” என்றேன். சாயங்காலம்வரை அரிப்பு எட்டிப் பார்க்கவில்லை.

இந்த சீசனுக்கு என்னைக் குற்றாலத்தில் போட்டிருக்கிறார்கள். சாரல் விட்டதும் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கைக்குழந்தையை விட்டு வந்து என்னோடு நிற்கும் கான்ஸ்டபிள் கேட்டாள்: “முகத்துல என்னக்கா அது? பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதா?” டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இப்போது அருவிக்கரைப் பணியில் இரண்டு வெள்ளை முகங்கள்.