சாவியக்காவின் சொதப்பல் நேரம்

"முதல்ல என்னோடது," என்று ஆரம்பிக்கிறார் சாவியக்கா. வண்டிச் சாவிகள் அத்தனையும் அவர் மடியில் கிடக்கின்றன. "நேத்து புதுசாக் கல்யாணம் ஆன ஒரு ஜோடியக் கொண்டுபோய், ரிட்டயர் ஆன வாத்தியாருங்க வண்டியில ஏத்தி விட்டுட்டேன். பாவம், அந்தப் பையன் அருவி வர்ற வரைக்கும் பொது அறிவுக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டே போயிருக்கான். தப்பு என்னோடது. வண்டியில ஏத்துறதுக்கு முன்னாடி யாரு கூட யாருன்னு பார்த்திருக்கணும். அடுத்து யாரு?"

அடுத்தவர் ஒரு வழிகாட்டி. ஒரே அருவியின் உயரத்தை இரண்டு கூட்டத்துக்கு இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு கூட்டமும் டீக்கடையில் ஒன்றாகச் சேர்ந்து, அருவியை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. அறை சிரிப்பில் அதிர்கிறது. சாவியக்கா சிரிக்கும்போது மடியிலிருக்கும் சாவிகளும் சேர்ந்து குலுங்கும்.

அந்தச் சிரிப்புச் சத்தம் தாங்காமல்தான் முதன்முதலில் நான் சண்டை போடப் போனேன். சுற்றுலா வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு மேல்மாடியில் எனக்கு வாடகை அறை. எழுதுகிறவன் காலையில் கொஞ்சம் தூங்கினால் உலகம் ஒன்றும் கெட்டுவிடாது என்பது என் கட்சி. போர்வையோடு இறங்கிப் போய்க் கத்தினேன். சாவியக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உக்காருங்க. இங்க வந்தவங்க சும்மா போகக் கூடாது. நேத்து நீங்க என்ன சொதப்புனீங்க?" என்றார். பாலைப் பொங்கவிட்டதாகச் சொன்னேன். "அதெல்லாம் சேர்த்தி இல்ல. யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க," என்று அனுப்பிவிட்டார். மறுநாளும் போனேன். அதற்கப்புறம் காலைத் தூக்கம் போனது போனதுதான்.

கொட்டகையின் பின்பக்கம் டயர் வைக்கும் அறை அது. பழைய வேனிலிருந்து கழற்றிய சீட்டுகள் சுவரோரமாகக் கிடக்கும். ஓட்டுநர்கள், வழிகாட்டிகள், வண்டி கழுவுகிறவர், தொலைபேசி எடுக்கிற பெண் எல்லோரும் வந்து உட்கார வேண்டும். முந்தைய நாள் செய்த தப்பை ஆளுக்கொன்றாகச் சொல்ல வேண்டும். யாரும் யாரையும் திட்டக் கூடாது. 'இனிமே என்ன பண்ணலாம்?' என்று மட்டும் கேட்கலாம். சொன்னது எதுவும் அந்த அறையைத் தாண்டக் கூடாது. இது முடியும் வரை சாவி எவர் கைக்கும் போகாது. இதற்குப் பெயர்தான் சொதப்பல் நேரம்.

சாவியக்கா ஒன்றும் பூமாதேவி இல்லை. அடுத்தவர் பொட்டலத்திலிருந்து பிஸ்கட்டை உரிமையோடு எடுத்துத் தின்பார். தொலைபேசியில் பேசினால் தெருமுனை வரை கேட்கும். வீட்டில் இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது என்று அவர் கணவரே என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "அங்க எல்லாத் தப்பும் என்னோடதுதான் சார். ஏற்கெனவே முடிவு பண்ணி வெச்சது."

கம்பெனி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் நல்லவர்தான், ஆனால் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. சாவியக்கா முன்பு வெறுமனே தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில், ஒரு ஓட்டுநர் பிரேக் சரியில்லை என்பதைச் சொல்லாமல் மறைத்தார். முதலாளி கத்துவாரே என்ற பயம். மறுநாள் அதே வண்டியை எடுத்துப் போன இன்னொருவர் சுவரில் கொண்டுபோய் மோதினார். உயிர்ச்சேதம் இல்லை, ஒருவருக்குக் கை முறிந்தது. அதற்கடுத்த காலையில்தான் சாவிகளையெல்லாம் ஆணியிலிருந்து கழற்றித் தன் மடியில் போட்டுக்கொண்டார். "பயந்தவன் மறைக்கத்தான் செய்வான். அவன் மறைச்ச வண்டியில ஏறிப் போறது இன்னொருத்தன். எனக்கு அந்தப் பயம் இங்க வேண்டாம்," என்பார். அண்ணனும் அன்றைக்கு இருந்த நிலையில் தலையாட்டிவிட்டார்.

போன மாதம் அண்ணன் மகன் மேலாளராக வந்து சேர்ந்தான். படித்த பையன், குணமான பையன். ஊழியர்களை ஒற்றுமையாக வைத்திருக்க வேண்டும் என்று எங்கோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தான். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன் வந்தது. சுவரில் 'நாம் ஒரே குடும்பம்' என்று ஒரு பெரிய படம் வந்தது. அதில் ஏழெட்டுப் பேர் கைகோத்து நின்று பல் தெரியச் சிரித்தார்கள். சாவியக்கா படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"யாரு மருமகனே இவங்கள்ளாம்? நம்ம வண்டியில ஒரு நாளாவது ஏறினவங்க மாதிரியே தெரியலையே."

"சும்மா ஒரு உற்சாகத்துக்கு அத்தை."

"உற்சாகம்னா காலையில வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தான். கைப்பேசியும் கையுமாகத்தான் உட்கார்ந்தான். அன்றைக்குப் பார்த்து நெட்டையின் முறை.

நெட்டை என்பது எங்கள் எல்லோரையும் விட உயரமான ஓட்டுநர். சின்ன வேனுக்கு அவரே ஓட்டுநர், அவரே வழிகாட்டி. இந்தக் கம்பெனியில் பயணிகளுக்கெல்லாம் மஞ்சள் தொப்பி கொடுப்பார்கள், கூட்டத்தில் அடையாளம் தெரிவதற்காக. முந்தைய நாள் மலைமுனையில் எல்லோரும் ஏறியதும், நெட்டை முன்னால் இருந்தபடியே கண்ணாடியில் தொப்பிகளை எண்ணினார். சரியாக இருந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டார். அதில் ஒரு தொப்பி சீட்டின் முதுகில் மாட்டியிருந்தது. தொப்பிக்கு உரியவர் மேலே நின்று மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டு மனைவி நல்ல தூக்கம். பாதி மலை இறங்கிய பிறகு கண்விழித்து, தொப்பியிடம் பிஸ்கட்டை நீட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"திருப்பிக்கிட்டுப் போனேன்," என்றார் நெட்டை, தலையைக் குனிந்துகொண்டு. "மனுஷன் ஒரு பாறை மேல நிம்மதியா உக்காந்திருந்தாரு. இவ்வளவு அமைதியா இருந்து பல வருஷம் ஆச்சு, எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வந்தீங்கன்னு கேட்டாரு. அந்த அம்மாவும், நானே கவனிக்கல, உங்கள என்ன சொல்றதுன்னு விட்டுட்டாங்க. ஆனாலும் தப்பு தப்புதான். அவரு வழி தெரியாம எங்கயாவது இறங்கியிருந்தா..."

சிரித்து முடித்ததும், இனிமேல் என்ன செய்யலாம் என்று பேசினார்கள். கடைசி சீட்டு வரை நடந்துபோய், ஒவ்வொரு முகமாகப் பார்த்து எண்ணுவது என்று முடிவானது. அன்றைக்கே எல்லா வண்டியிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பயணிகளிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. நெட்டையே வாயைத் திறந்திருக்காவிட்டால் ஈ, எறும்புக்குக்கூடத் தெரிந்திருக்காது.

மருமகன் அன்றிரவு வீட்டில் சாப்பிடும்போது இதை வேடிக்கைக் கதையாக அப்பாவிடம் சொன்னான். அப்பா சிரிக்கவில்லை. விடிந்ததும் நெட்டைக்குப் போன் போனது: இனி வேலைக்கு வர வேண்டாம்.

சாவியக்கா அண்ணனின் அறைக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. மூடியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்கும்.

"ஆளையே மலையில விட்டுட்டு வந்திருக்கான். நாளைக்கு இது வெளிய தெரிஞ்சா எவன் நம்ம வண்டியில ஏறுவான்?"

"உனக்கு எப்படிண்ணா தெரிஞ்சுது?"

"எப்படித் தெரிஞ்சா என்ன?"

"அதுதான் எல்லாமே. அவன் வாயால சொன்னதுனால தெரிஞ்சுது. சொன்னதுக்குத் தண்டனைன்னா இனிமே எவன் சொல்லுவான்?"

"கம்பெனி என்னோடது."

"வண்டியெல்லாம் உன்னோடதுதான், நான் இல்லன்னு சொல்லல. அந்த ரூம் அவங்களோடது. அதுல கைய வைக்காத."

அண்ணன் வேறு ஏதோ காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்குச் சொதப்பல் நேரத்துக்கு எல்லோரும் வந்தார்கள். சாவியக்கா வழக்கம்போலத் தன்னுடையதை முதலில் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்தவர், "எல்லாம் நல்லபடியா நடந்துச்சுக்கா," என்றார். அதற்கடுத்தவரும் அதையே சொன்னார். அருவியின் உயரத்தை மாற்றிச் சொன்ன ஆள்கூட, "எனக்கு ஒண்ணும் இல்லக்கா," என்று சுவரைப் பார்த்தார். கதவோரத்தில் மருமகன் நின்றான். அவனை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியக்கா சாவிகளைக் கொடுத்து அனுப்பினார். எத்தனையோ வசவுகளைத் தாங்கியவர் அவர், அந்த 'நல்லபடியா'வைத் தாங்க அவரால் முடியவில்லை. எல்லோரும் போன பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அன்று மத்தியானமே இரண்டு வேன்கள் ஒரே விடுதி வாசலில் போய் ஒரே குடும்பத்துக்காக நின்றன. இன்னொரு குடும்பம் நகரத்தின் மறுமுனையில் பெட்டிகளோடு வெயிலில் காய்ந்தது. ஏன் இப்படி ஆனது என்று யாரும் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயங்காலம் சாவியக்கா நெட்டைக்குப் போன் போட்டார். "வேலைக்கு வர வேண்டாம்னுதான சொன்னாங்க? இங்க வந்து உக்கார வேண்டாம்னு யாரும் சொல்லலையே. காலையில வந்து சேரு."

நெட்டை வந்தார். சவரம் செய்து, சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, தன் வழக்கமான சீட்டில் கால் மடக்கி உட்கார்ந்தார். வேலை இல்லாத ஓட்டுநருக்குச் சொல்ல என்ன இருக்கும் என்று நினைத்தேன். "நேத்து முழுக்க வீட்டுல இருந்தேன். எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பொண்ணு பேசவே மாட்டேங்கிறா," என்றார். முடிந்ததும் மற்றவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு வண்டிக்குப் போனார்கள். அவர் நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். அவரைப் பார்க்கப் பார்க்க மற்றவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறந்தது. ஒரே விடுதிக்கு இரண்டு வேன் போன கதை அப்படித்தான் வெளியே வந்தது.

"என்ன தைரியம்க்கா உங்களுக்கு. முதலாளி பார்த்தா?" என்று தொலைபேசிப் பெண் கேட்டாள்.

"பார்க்கட்டும். பார்க்கத்தான் கூப்பிட்டிருக்கேன்."

ஒரு நாள் காலை மருமகன் கைப்பேசியை வெளியே மேசையில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். முறை வரும் வரை காத்திருக்கவில்லை.

"அப்பாகிட்ட சொன்னது நான்தான். சிரிப்பாரு, இந்த ரூம் எவ்வளவு நல்லா நடக்குதுன்னு புரிஞ்சுக்குவாருன்னு நெனச்சேன். இப்படி ஆகும்னு தெரியாது." அவன் நெட்டையைப் பார்த்தான். "மன்னிச்சிடுங்கண்ணே."

நெட்டை தள்ளி உட்கார்ந்து சீட்டில் இடம் விட்டார்.

"மருமகனே, இன்னிக்குத்தான்டா நீ வேலைக்குச் சேர்ந்திருக்க," என்றார் சாவியக்கா. பல நாளைக்குப் பிறகு அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு முன்பக்கம் வரை கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முதலாளியே கதவில் வந்து நின்றார்.

அவர் கண் நேராக நெட்டையின் மேல் விழுந்தது. நெட்டை எழுந்திருக்கப் பார்த்தார். "உக்காரு," என்றார் சாவியக்கா, திரும்பாமலே.

"இவன் இங்க என்ன பண்றான்?"

"என்னப் பார்க்க வந்திருக்கான்."

வெளியே பயணிகள் கூடிவிட்டார்கள். மஞ்சள் தொப்பிகள் ஜன்னலில் தெரிந்தன. ஒரு குழந்தை எந்த வண்டியிலோ ஏறி ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தது.

"வெளிய ஜனம் நிக்குது. சாவியக் குடு."

"பேசி முடியலண்ணா."

முதலாளி தன் மகனைப் பார்த்தார். மகன் நெட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். அவருக்கு முகம் சிவந்தது, வழக்கமான கத்தல் தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் கத்தவில்லை. ஒருவரும் தலையைக் குனியாததுதான் காரணமாக இருக்க வேண்டும். வண்டி கழுவுகிறவர்கூட நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, நாளையிலேருந்து அவன வண்டி எடுக்கச் சொல்லு," என்றார் கடைசியில், தங்கையிடம், குரலைத் தாழ்த்தி. சொல்லிவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தார்.

"அண்ணா."

நின்றார்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? உள்ள வந்து அவன்கிட்ட சொல்லு. அப்படியே நீ பண்ணுனதையும் இவங்க முன்னாடி சொல்லு. இங்க எல்லாரும் அதத்தான் பண்றோம்."

"நேரமாச்சு."

"ஆகட்டும்."

ஹாரன் மறுபடியும் அடித்தது. சாவியக்கா எழுந்தார். சாவிகளை ஒரு கையில் அள்ளிக்கொண்டார், மறு கையில் தேநீர் டம்ளர். கதவில் நின்ற அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காலாலேயே அவர் பக்கம் தள்ளிவிட்டார்.