திருவெள்ளறை ரெண்டு கிலோமீட்டர்

பத்தாவது வரை படித்தவள் எழுத வந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். கடைக்கு வருகிறவர்களிடமே நான் அளவாகத்தான் பேசுவேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் புராஜெக்ட் கேட்டால், இணையக் கலைக்களஞ்சியத்தில் எப்போதோ எடுத்து வைத்த பக்கத்தையே எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுப்பேன். காவிரிக்கு ஒரு ஃபைல், கல்லணைக்கு ஒரு ஃபைல். முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

திருவெள்ளறையிலிருந்து வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கும் அவள் ஊர் ஃபைலைக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து விறுவிறுவென்று வந்தாள்.

"அக்கா, எங்க ஊரு இங்கேருந்து ரெண்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கு! மிஸ் கிளாஸ்ல படிச்சுக் காட்டிட்டாங்க. 'தினம் பஸ் லேட்டுன்னு கதையா விடுற? இனி நடந்தே வந்துடு'ங்கிறாங்க. லேட் பர்மிஷனும் போச்சு. மணி அடிச்சப்புறம் வந்தா வெளியிலதான் நிக்கணும்."

"நீ படிச்சுப் பார்க்கலையா?"

"பார்த்தேனே. தினம் டோல்கேட்ல பஸ் மாறி வர்றவளுக்குத் தெரியாதா? நெட்லயே போட்டிருக்கேன்னு விட்டுட்டேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு நெட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் என்று யாரோ திருத்தி, ஆதாரமும் கொடுத்திருந்தார்கள். என் கம்ப்யூட்டரில்தான் அந்த ஊர் மூன்று வருஷமாக ரெண்டு கிலோமீட்டரிலேயே நின்றிருக்கிறது.

"நீங்களே வந்து மிஸ்கிட்ட சொல்லுங்கக்கா."

எனக்கு வேர்த்துவிட்டது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன். "தப்பு என்னுதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அதைக் கிளாஸ்ல சொல்லுங்களேன்" என்றார் மிஸ்.

நாற்பது முகங்கள். கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னேன்: "அந்தப் பக்கத்தை யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதனால இன்னைக்கு என்ன இருக்குன்னு பாருங்க. ஆதாரம் எதுன்னு கீழே பாருங்க. உங்களுக்குத் தெரிஞ்சதோட ஒத்துவரலைன்னா விசாரிங்க. என் ஃபைலை நம்பாதீங்க."

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "அப்ப இனிமே ஃபைல் கிடையாதாக்கா?"

"கிடையாது."

"ஐயோ!" என்று வகுப்பே கத்தியது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். அந்தப் பெண்ணிடம், "எதை எங்கே எடுத்தேன்னு கீழே குறிச்சு, உன் கையால எழுதிட்டு வா. பர்மிஷன் தரேன்" என்றார்.

சாயங்காலம் கடையில் உட்கார்ந்தே எழுதி முடித்தாள். நான் ஃபைல்களை அழித்தேன்.

மறுநாளும் பஸ் லேட். எழுதிய நோட்டைக் காட்டினாள், உள்ளே விட்டார்கள்.