கணபதியில் இறக்கிவிடுகிறேன் என்று சொன்னேன்

டவுன் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டராக இருந்தேன். புதிதாகப் பை மாட்டும் தம்பிகள், "இந்த வேலையில எதுங்ணா கஷ்டம்?" என்று கேட்டால் கூட்டம், டிராபிக் என்றெல்லாம் நான் அளப்பதில்லை. இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு நடந்தது. சிங்காநல்லூரில், தாராபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஓர் அம்மா என் வண்டியில் ஏறினார்.

"ஏனுங்க, கணபதி போகோணுங்க. எனக்கு இந்த ஊரு தெரியாதுங்க. ஒரு மணிக்குள்ள போயிருமுங்களா?"

"போயிருமுங்க. உக்காருங்க, நானே எறக்கி உடறேன்" என்றேன்.

எங்கள் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம். ஒருவர் பொறுப்பு ஏற்றுக்கொண்டால் மறுபடி கேட்கமாட்டார்கள். கேட்டால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமாம். காந்திபுரத்தில் கூட்டம் அடைத்தது. படியில் தொங்கியவர்களோடு மல்லுக்கட்டியதில் அந்த அம்மாவைச் சுத்தமாக மறந்துவிட்டேன். கடைசி ஸ்டாப் சரவணம்பட்டியில் வண்டி காலியான பிறகு பார்த்தால், அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்!

"கணபதி எப்பவோ போச்சுங்க! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?" என் தப்புக்கு அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

"நீங்கதான் எறக்கி உடறேன்னீங்களே..." என்றவர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டார்.

மகள் கவிதா தானாகக் கல்யாணம் செய்துகொண்டாளாம். மூன்று வருஷமாக வீட்டில் சேர்ப்பதில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு என்று புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பட்டறையில் வேலை பார்க்கும் கவிதா, ஒரு மணி சாப்பாட்டு நேரத்தில் கணபதி ஸ்டாப்பில் வந்து நிற்பாள். அரை மணி நேரம்தான். ஊர்க்காரர் ஒருவர் மூலம் கவிதா சொல்லியனுப்பிய ஏற்பாடு; புருஷனுக்குப் பயந்து மகள் நம்பரைப் போனில் வைத்துக்கொள்ளவில்லை. எந்தப் பட்டறை என்றும் தெரியாது. கணபதியில் தெருவுக்குத் தெரு பட்டறைதான்.

கணபதிக்குத் திரும்பி வரும்போது மணி ஒன்றே முக்கால். ஸ்டாப்பில் யாரும் இல்லை.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க, கூட்டமுங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டுமாம், எங்கள் வண்டியிலேயே சிங்காநல்லூர் வந்தார். இறங்கும்போது ஒரு துணிப்பையை நீட்டினார். "வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் கொண்டாந்தனுங்க. கவிதா நாளைக்கும் வந்து நின்னாலும் நிப்பா. குடுத்துப்போடுங்க."

மறுநாள் ஒரு மணிக்கு, பட்டறை நீலச் சட்டையோடு ஒரு பெண் வருகிற பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். விவரத்தைச் சொல்லிப் பையைக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா எப்படிங்ணா இருக்காங்க? எளைச்சுட்டாங்களா? தலையெல்லாம் நரைச்சுப்போச்சுங்களா?"

டிக்கெட் கிழித்தபோது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பும்போது பார்க்கக் கூசியது. "நல்லா இருக்காங்க கண்ணு" என்று புளுகிவிட்டு விசில் கொடுத்தேன்.

ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். "என்ன கலர் சீலைங்ணா கட்டியிருந்தாங்க?"

தம்பிகளா, ஊர் தெரியாதவர் ஏறினால் முகத்தைப் பார்த்து டிக்கெட் கொடுங்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு இன்றுவரை தெரியாது.